பதினொரு விநாடி

பீடோர் பெரிய சடக்கில் என் கடைக்கு
கைப்பேசி உடைந்தவர்கள்தாம் வருவார்கள்.
அந்தோணிசாமியின் மகன் மட்டும்
மழைக்கோட்டுக்குள் பொத்தி
ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தான்.
உள்ளே பத்தொன்பது வீடியோ கேசட்.
"அப்பா கல்யாணம் எடுப்பாரில்ல,
வேலை இல்லாத சனிக்கிழமையில
காலேஜ் பாஸ்கட்பால் எடுத்தாராம்.
குப்பையில போடுன்னு அம்மா நிக்குது.
யாராச்சும் பார்ப்பாங்களா, அக்கா?"

நாடாவெல்லாம் பூஞ்சை,
மூன்று நாள் வெளியே கிடந்த இட்லிபோல.
ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து
முழம் முழமாய்த் துடைத்தேன்.
ஈப்போ பழஞ்சாமான் சந்தையில்
எண்பது வெள்ளிக்கு வாங்கிய பிளேயர்
முதல் கேசட்டைக் கடித்துத் தின்றது.
அதன் தலையைக் கழற்றிக் கழுவிய பிறகே
இரண்டாவதைக் கொடுத்தேன்.

இதில் குறுக்குவழி கிடையாது.
தொண்ணூறு நிமிட ஆட்டம்
தொண்ணூறு நிமிடமாகத்தான் கணினிக்குள் இறங்கும்.
உட்கார்ந்திருந்தேன்,
சார்ஜர் கேட்டு வந்தவர்களை
"கொஞ்சம் இருங்க" என்று நிறுத்திவிட்டு.

எண்பத்தெட்டு ஆகஸ்ட்.
ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பெண்கள், இறுதி ஆட்டம்.
தகரக்கூரையில் மழை.
அறிவிப்பாளர் மலாயில் தொடங்கி
தமிழில் கத்தி
சீனத்தில் புள்ளி சொல்கிறார்.
ஒன்பதாம் எண், தவமலர்,
பதினேழாம் கட்டைத் தோட்டத்துப் பெண்.
அவள் பந்தை எறிவதில்லை;
தலைக்குப் பின்னாலிருந்து எடுத்து
காற்றில் ஏதோ ஆணி இருப்பதுபோல்
மாட்டிவிட்டுப் போகிறாள்.
எதிரணியின் நெட்டைச்சி சியூ லான்
மூன்று முறை குதித்தும் எட்டவில்லை.
நான்காம் முறை சிரித்தேவிட்டாள்.

ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு.
ஒரு புள்ளி பின்னால். பதினொரு விநாடி மீதம்.
தவமலர் கையைவிட்டுப் பந்து கிளம்பி
மேலே, இன்னும் மேலே,

கெட்டிமேளம்.

யாரோ ஒரு மாப்பிள்ளை
முடிச்சுப் போடத் தெரியாமல் வியர்க்கிறான்.
அட்சதை கேமரா மேலேயே விழுகிறது.
கேசட் ஒன்று பதினெட்டு வெள்ளி விற்ற காலம்;
அந்தோணிசாமி அதன்மேலேயே
அடுத்த கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்.

நான் வெட்டவில்லை.
மாப்பிள்ளையோடு சேர்த்தே ஏற்றினேன்.

முதல் வாரம் நாற்பது பேர் பார்த்தார்கள்.
அதில் பாதி என் சொந்தம்.
பிறகு சீனப்பள்ளித் திடல் பையன்கள் கண்டுபிடித்தார்கள்.
பதினைந்து, பதினாறு வயசு.
அவர்களுக்கு இது எண்பத்தெட்டு இல்லை,
நேற்று ராத்திரி நடந்த ஆட்டம்.
மணிக்கட்டை நிறுத்திப் பார்க்கிறார்கள்,
பாதத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.
அந்த வீச்சுக்குப் பெயரே வைத்தாயிற்று:
"டேய் ஹாவ் யாங், தவா போடுடா!"

போன செவ்வாய்
கண்ணாடி நொறுங்கிய போனோடு ஒருவர் வந்தார்.
சீட்டில் பெயர் எழுதும்போது
என் பேனா நின்றுவிட்டது.
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. முழங்காலில் பட்டை.
கணினியைத் திருப்பிக் காட்டினேன்.
நின்றபடியே பார்த்தார்.
"சப்பாத்து ரொஸ்னாவோடது.
ரெண்டு சைஸ் பெருசு, பேப்பர் அடைச்சிருந்தேன்"
என்றார். அவ்வளவுதான்.
கெட்டிமேளத்தில் மட்டும்
கடை அதிரச் சிரித்தார்.

"விழுந்துச்சா, டீச்சர்?"

சொன்னார்.

பையன்களிடம் நான் சொல்லவில்லை.
கேட்கவும் இல்லை அவர்கள்.
சாயங்காலம் திடல் பக்கம் போனால்
பதினொன்று, பத்து, ஒன்பது என்று கத்தி எண்ணி
ஆளுக்கு ஒரு தவா போடுகிறார்கள்;
விழுந்தால் அந்தக் கல்லூரி,
விழாவிட்டால் இந்தக் கல்லூரி.
தினமும் இறுதி ஆட்டம்.
தினமும் சண்டை.

டின்னில் இன்னும் பதினேழு இருக்கிறது.
அடுத்தது ஆண்கள் அரையிறுதி,
பூஞ்சை கொஞ்சம் அதிகம்.
ஸ்பிரிட் வாங்க வேண்டும்.
கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.