பதினோராம் பக்கம்

டுலூத் நகரில் ஜனவரி பதினான்கு. மைனஸ் முப்பத்தொன்று.
ஏரியிலிருந்து செங்குத்தாக ஏறும் தெருவில்
லின்னியா ஹக்காலாவின் வாடகை வீடு
உள்ளிருந்து உறைந்திருக்கிறது.
கொதிகலன் நின்று, மாடிக் குழாய் வெடித்து
படிக்கட்டு முழுக்கப் பனிக்கட்டி.
ஏழாம் படியில், கட்டிக்குள் ஒரு செருப்பு,
விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
படம் எடுத்துக்கொண்டேன்.
இழப்பை அளப்பது என் உத்தியோகம்:
அளவுநாடா, டார்ச்,
கையுறைக்குள் மரத்துப்போன இரண்டு விரல்.

"குடியிருப்பவர்?"
"கர்ட். மேலே இருக்கிறான்."
இருக்கிறான் என்றார்.
பேனா எழுதவில்லை. வாயருகே வைத்து ஊதினேன்.

பாலிசியில் பதினோராம் பக்கம் எனக்கு மனப்பாடம்.
அறுபது நாள் காலியாகக் கிடந்த வீட்டில்
குழாய் வெடித்தால் கம்பெனி ஒரு காசு தராது.
காலி என்றால் என்ன என்றும் போட்டிருக்கிறது:
ஆளும் இல்லை, சாமானும் இல்லை.
ஆளில்லாமல் சாமான் இருந்தால்
அது வேறு சொல், வேறு பத்தி,
வேறு தொகை.

மாடியில் காலண்டர் நவம்பரைத் தாண்டவில்லை.
ரொட்டிப் பையில் தேதி: நவம்பர் ஒன்பது.
எண்ணிப் பார்த்தேன். அறுபத்தாறு.
ஆனால் நடுக்கூடத்தில் ஒரு நாற்காலி.
பக்கத்தில் மடக்குக் கட்டில், கெட்டில்,
இன்னொரு செருப்பு.
நேற்று ராத்திரி தூக்கி வைத்திருப்பார்,
எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்
என்று நாற்காலியை இழுத்தேன்.
அசையவில்லை.
நான்கு கால்களும் ஒரு சாண் பனிக்கட்டிக்குள்.

குழாய்க்கு முந்தியே வந்த நாற்காலி.

கீழிருந்து கத்தினார், முழங்காலுக்குப் படி ஆகாது:
"எல்லாவற்றையும் விற்றுவிட்டான், கட்டில்வரை.
குடிக்கு.
சிகிச்சை முடிந்து வருகிறவனுக்கு
உட்கார ஒன்று வேண்டாமா?
டிசம்பர் முதல் தேதி என் தம்பிதான் ஏற்றிக் கொடுத்தான்."

யாருடைய சாமான் என்று பதினோராம் பக்கத்தில் இல்லை.
காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
இரண்டு முறை படித்தேன். இல்லை.

ஜன்னலைத் தட்டினார். இறக்கினேன்.
"வாடகை இழப்பு என்று ஒரு கட்டம் உண்டு," என்றேன்,
"பழுது பார்க்கும் மாதங்களுக்குக் கிடைக்கும்."
"போடாதீர்கள். ஆகஸ்டிலிருந்து அவன் தரவே இல்லை.
வராததை எப்படி இழப்பது?"

மூக்கு சிவந்து நின்றார்.
அந்த நேர்மை எனக்கு எரிச்சலாக இருந்தது,
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாற்காலி, மரம், ஒன்று என்று எழுதினேன்.
"என்ன விலை?"
"சர்ச் விற்பனையில் நான்கு டாலர்.
ஒரு கால் கொஞ்சம் ஆடும்."

இப்போது ஆடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
நான்கு என்று போட்டேன்.
பேனா இந்த முறை எழுதியது.