ஐந்து கட்டையும் கொஞ்சமும்

அக்னி நட்சத்திரத்தில் கச்சேரி வைக்கிற மடம்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.
மார்கழியில் மேடை கிடைக்காதவர்கள்
மே மாதத்தில் வந்து பாடுகிறார்கள்.
மார்கழியில் சபா கிடைக்காத நானும்
என் பெட்டிகளோடு வருகிறேன்.

மேற்கு மாம்பலம். பதினோரு நாள்.
வாடகை பேசியது நாலு ஸ்பீக்கருக்கு,
கட்டியது ஆறு. யாரும் எண்ணவில்லை.
மானேஜர் ராமதேசிகன் என் பேரைக் கேட்டு
“ஏசுபாதமா?” என்று ஒருதரம் நிறுத்தி,
பிறகு “மைக்செட்” என்றே கூப்பிடத் தொடங்கினார்.
கோபமில்லை. என் மோரிலும்
இஞ்சி தாராளமாகத்தான் இருந்தது.

எனக்கு ராகம் தெரியாது.
எந்த இடத்தில் ஸ்பீக்கர் ஊளையிடும் என்று தெரியும்.
முப்பது வருஷமாக என் வேலை
ஒரே ஒரு சத்தத்தைக் கொல்வது:
ஒயருக்குள் உட்கார்ந்துகொண்டு
கரண்ட் முனகுமே, ம்ம்ம் என்று, அதை.
ஒயரை மாற்றுவேன், எர்த் அடிப்பேன்,
ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில்
குழி தோண்டி உப்புத் தண்ணீர் ஊற்றிக்கூடக்
கொன்றிருக்கிறேன்.

ஏழாம் நாள். நப்பின்னை என்றொரு பெண்.
பகலில் பாங்கில் வேலையாம்.
கைப்பையிலிருந்து அடையாள அட்டையின் நீல நாடா
பாதி தொங்கிக்கொண்டிருந்தது.
முன்னால் நாற்பத்திரண்டு பேர்.
எண்ணியது நான் இல்லை, மோர் ஊற்றும் பையன்.
அதில் ஆறு பேர் ஏசிக்காக வந்து,
ஏசி இல்லை என்று தெரிந்தும்
எழுந்துபோக வெட்கப்பட்டவர்கள்.

ஏழு இருபதுக்கு, ஆலாபனை
மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது
போனது.
மின்விசிறி, விளக்கு, சுருதிப் பெட்டி, நான்,
எல்லாம் ஒரே நொடியில்.

சுவாமிகளுக்கு விசிற ஓடிவந்தான் ஒரு வித்யார்த்தி.
இரண்டாவது வீச்சிலேயே
அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.
அப்போதுதான் கவனித்தேன்,
அந்தப் பெண் நிறுத்தவே இல்லை.
ஆனால் தடவுகிறாள்.
இருட்டில் படியைக் காலால் துழாவுகிற மாதிரி
ஸட்ஜத்தைத் துழாவுகிறாள்.

மடத்து ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
எதிர் ஃப்ளாட்டில் இருந்தது.
இரண்டு இருமல், ஒரு கமறல்,
பிறகு மதிலைத் தாண்டி வந்தது
ம்ம்ம்.

பல்லைக் கடித்தேன். பழக்கம்.
கை தன்னால் குமிழுக்குப் போனது.
திருப்பி என்ன.
அவள் தலையை ஒருபக்கம் சாய்த்தாள்,
பஸ்ஸில் பின் சீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பவள் போல.
அவளுக்கு ஐந்து கட்டை.
ஜெனரேட்டர் ஐந்தும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்தை
அவள் ஏறிப்போய்ச் சேர்ந்தாள்.
வயலின்காரர் பிருடையை முடுக்கினார்.
மிருதங்கத்தில் கல்லும் புள்ளுமாக நாலு தட்டு.

அப்புறம் நடந்ததற்கு
என்னிடம் வார்த்தை கிடையாது, தூரம்தான் உண்டு:
மைக் இல்லாமல் கடைசித் தூண் வரை,
செருப்பு விடுகிற இடம் வரை.
உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை.
வாசலில் இளநீர்க்காரன் வெட்டிக்கொண்டுதான் இருந்தான்.
ஏசிக்கு வந்த ஆறு பேரில் இருவர்
போய்விட்டார்கள்.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது.
சுருதிப் பெட்டி பழைய ஐந்தில் கத்த,
கண் திறக்காமலே கையை ஆட்டினாள்: வேண்டாம்.
பிடுங்கினேன். என் ஒயரையும் சேர்த்து.
எதிர் ஃப்ளாட் வாட்ச்மேன் ஜெனரேட்டரை அணைக்க
இன்னும் ஐந்து நிமிஷம் ஆனது.
தூங்கிப்போனானோ,
கேட்டுக்கொண்டிருந்தானோ.

கடைசி நாள் கணக்குப் பார்த்தபோது
மைக் ஓடாத நாற்பது நிமிஷத்துக்கு
நூற்றைம்பது ரூபாய் கழித்தார் ராமதேசிகன்.
ஆறு ஸ்பீக்கரைச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து
ஃப்ரிட்ஜுக்கு எதிரே நின்றேன்.
“தண்ணியா?” என்றாள் ஸ்டெல்லா.
இல்லை என்றேன்.
மோட்டார் ஓட ஆரம்பிக்கட்டும் என்று
நின்றுகொண்டே இருந்தேன்.