மூடி

பன்னிரண்டு இருபதுக்கு மணி அடிக்கும்.
எட்டாம் லைன் எழும்பும்.
பைப்படியில் கை கழுவ
நூல் துணுக்குகள் தண்ணியோடு போகும்,
கொஞ்சம் நகத்துக்குள் நிற்கும்.

சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை
நாங்கள் கழற்றி வைப்பதில்லை.
எதிரே இருப்பவளுக்கு மறைப்பாக
ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்து
அதன் பின்னால் குனிந்து தின்போம்.
சுகிர்தமலரின் மூடிக்குப் பின்னால் என்ன என்று
இரண்டு வருசமாக நான் கண்டதில்லை.
மணத்தில் தெரியும்.
அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கமில்லை.

அன்றைக்குச் சுகாதாரப் பணிமனையிலிருந்து மிஸ் வந்தா.
பைக்குள் ஒரு பிளாஸ்ரிக் மீன், பிளாஸ்ரிக் கரட்,
கோடு கீறிப் பிரித்த ஒரு கோப்பை.
பாதி மரக்கறி, கால்வாசி சோறு,
மிச்சக் கால்வாசிக்குள் அந்த மீன்.
நல்ல பிள்ளை, ஒருவரையும் ஏசவில்லை.
"நிறம் நிறமாய்ச் சாப்பிடுங்கோ" என்றா.
பாரதிபுரத்து லெட்சுமிகாந்தி என் காதுக்குள்
"பாண் வெள்ளை, சம்பல் சிவப்பு,
பிளேன்ரீ கறுப்பு. பத்தாதாமா?" என்றாள்.

பிறகு படிவம்.
வயது முப்பத்தொன்று.
ஓ.எல். எழுதியது முகாமில்.
காணி உண்டா? உண்டு.
வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கமா பள்ளப் பக்கமா என்று
படிவம் கேட்கவில்லை.
இரணைமடுத் தண்ணி
எங்கள் வேலியைப் பார்த்துவிட்டு
பள்ளத்தாருக்குப் போகும்.
அவர்களுக்கு இரண்டு போகம், கத்தரி, பயற்றங்காய்.
எங்களுக்கு, மழை பெய்தால், கச்சான்.
மாத வருமானம் என்ற கோட்டில் சம்பளத்தை எழுதினேன்.
செவ்வாய்க்கிழமை லோன்காரன் கொண்டுபோவதற்கு
அதில் கோடு இல்லை.

கிழமைக்கு எத்தனை முட்டை?

என்னிடம் நாலு கோழி.
விடிய நாலரைக்கு, பஸ்ஸுக்கு ஓடுமுன்,
கூட்டுக்குள் கைவிட்டுச் சூட்டோடு எடுப்பேன்.
கன்ரீன்காரர் அறுபது ரூபாய்க்கு வாங்குவார்.
பத்தரைக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒம்லெட்டாய்க் கிடக்கும், நூற்றைம்பது ரூபாய்க்கு.
எனக்கு அதை அடையாளம் தெரியும்.
பத்தையெல்லாம் கிளறித் தின்ற கடும் மஞ்சள்.
அந்த அறுபது மகனின் வான்காசு.
பூச்சியம் என்று எழுத வெட்கமாயிருந்தது,
ஒன்று என்று எழுதினேன்.
லெட்சுமிகாந்தி ஏழு என்று எழுதியிருந்தாள்.
"பொய்தானே, வயிறு நிறையச் சொல்லுவம்."

மீன்?
முல்லைத்தீவு லொறி
ஐஸ்தண்ணி சிந்திக்கொண்டு பரந்தனால் திரும்பி
எங்கள் பஸ்ஸை முந்தித் தெற்கே போகும்.
யன்னலால் மணக்கும்.
தெற்கிலிருந்து திரும்பி வருவது மீன்டின்.
அதுவும் சம்பளக் கிழமையில்.

பழம் என்ற பகுதியில்
அப்பிள், தோடம்பழம், பப்பாசி, வாழை.
ஆனி மாதம்.
கொக்காவில் பக்கம் விறகுக்குப் போன தம்பி
சாரத்து முடிச்சில் பாலைப்பழம் கொண்டுவந்தான்.
முதல்நாள் இரவு நானும் மகனும் தின்றது
ஒரு சுண்டு இருக்கும்.
அதைச் சொன்னேன். அன்று நான் சொன்ன
முழு உண்மை அது ஒன்றுதான்.
மிஸ் வரிசை வரிசையாய்த் தேடினா, பாலை இல்லை.
'வேறு' என்ற பெட்டிக்குள் எழுதினா.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"நான் முள்ளியவளை அக்கா,
பால் உதட்டில ஒட்டுமெல்லே" என்று சிரித்தா.
மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அடுத்தநாள் சோற்றுப் பெட்டியோடு
ஒரு சிரட்டை பாலைப்பழமும் கொண்டுபோனேன்.
பன்னிரண்டு இருபது.
மூடியை முழுதாய்க் கழற்றி மேசையில் மல்லாத்தி
பழத்தை அதற்குள் கொட்டினேன்.
என் பெட்டி திறந்து கிடந்தது:
சோறு, பருப்பு, நேற்றைய சோயாமீற்.
லெட்சுமிகாந்தி அள்ளினாள்.
சுகிர்தமலரும் கை நீட்டினாள்,
தன் மூடியை
மற்றக் கையால் விடாமல் பிடித்தபடி.