கோணல் வாய்

மோல்மீன் ஆற்றோரச் சந்தையில்
பழைய பூட்டுகளுக்கும் யாருடையதோ பல்செட்டுக்கும் நடுவில்
மடித்துக் கிடந்தது சவரக் கத்தி.
எட்டாயிரம் கியாட் என்று தொடங்கி
ஐயாயிரத்துக்கு இறங்கிய மி சான் ந்வே
காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"இதை வைத்து யாரைச் சிரைக்கப் போகிறாய்?"
பர்மிய மொழியில் கேட்டதால் பிழைத்தாள்.
தமிழில் என்றால் சண்டையாகியிருக்கும்.

கடைசல் பட்டறையில் எனக்கு இருபத்தாறு வருஷம்.
நூலில் கால்பங்கு பிசகினாலும்
நகம் சொல்லிவிடும்.
ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன்.
முதுகு குதிப்பக்கம் தேய்ந்து, நுனிப்பக்கம் பருத்து,
வாய் ஒரு பக்கமாக இழுத்து
யாரையோ பார்த்துப் பாதி சிரித்தது.
எருமைக்கொம்புக் கைப்பிடி.
முத்திரையில் மிச்சம் ஒரு கிரீடம்,
அதன் கீழே இரண்டு புள்ளி.

மார்க்கரால் வாயோரம் கறுப்பு பூசினேன்.
கல்லில் தண்ணீர் தெளித்துப் பத்து இழுப்பு.
கல் தொட்ட இடத்தில் மை போகும்,
தொடாத இடத்தில் நிற்கும்.
பொய் சொல்லத் தெரியாத சோதனை.
குதி வெள்ளை. நுனி வெள்ளை.
நடுவில் கறுப்பு,
சால்வின் ஆற்றில் பெயரில்லாத திட்டு மாதிரி.
திருப்பிப் போட்டால் மறுபக்கம்
நடு மட்டும் வெள்ளை.
ஆக, கோணல் வாயில் இல்லை, உடம்பில்.

ஆறு ராத்திரி.
ஒன்பதுக்குப் போகும் கரண்ட் பதினொன்றுக்கு வரும்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேய்த்தேன்.
கொசுவலைக்குள்ளிருந்து பாக்கியவல்லி,
"வாலுக்கு மூங்கில் குழாய் வாங்கலியா?" என்றாள்.
பட்டறையில் கோ ஸா லின்
"மிஷின் கல்லில் ஒரு நிமிஷ வேலை" என்றான்.
சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டேன்.
அவன் சொன்னது சரிதான், நிமிர்த்திவிடலாம்.
நிமிர்ந்து முடியும்போது
கத்தி இருக்காது.

ஏழாம் ராத்திரி
விளக்கு பளிச்சென்று வந்ததில் திடுக்கிட்டுக்
கல்லை நழுவவிட்டேன்.
சிமெண்டுத் தரையில், நீளவாக்கில், இரண்டாக.
நாற்பத்தைந்தாயிரம் கியாட் ஜப்பான் கல்.
தமிழில் தெரிந்ததையெல்லாம் திட்டிவிட்டுப்
போதாமல் பர்மியத்திலும் திட்டினேன்.
அவள் எழுந்துவந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

சின்னத் துண்டு கட்டைவிரல் அகலம்.
கோபத்தில்தான் அதன்மேல் கத்தியை வைத்தேன்.
இறங்கியது.
முழுக் கல் பாலம் போட்டுத் தாண்டிய பள்ளத்தில்
துண்டுக் கல் கால்நனைத்து நடந்தது.
மணிக்கட்டை லேசாக உருட்டிக்
குதியில் தொடங்கி
நுனியில் தூக்கி
இன்னொன்று, இன்னொன்று,
திட்டு கரைந்து போனது.
முன்னால் இதை வைத்திருந்தவன்
இடதுகைக்காரனாக இருந்திருக்கலாம்.
அல்லது அவன் கல்லும் உடைந்திருக்கலாம்.

காலையில் இடுப்பு பெல்ட்டை
ஆணியில் மாட்டி நாற்பது தீட்டு.
வலது கன்னம் வெண்ணெய்.
இடது காதுக்குக் கீழே ரத்தம்.
படிகாரத்தை அழுத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பதினோரு மணிக்கு
பிலூ தீவுப் படகுக்காரன் ஒருவன்
வளைந்த புரொப்பெல்லர் தண்டைத் தோளில் சுமந்து வந்தான்.
கடைசலில் ஏற்றிச் சுற்றினேன்,
டயல் முள் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது.
"எத்தனை வருஷமாக இப்படி ஓட்டுகிறாய்?"
இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை.
"பன்னிரண்டு இருக்கும்.
கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும்,
அதற்குத் தகுந்தபடி நான் வலப்பக்கம் உட்காருவேன்."

கோ ஸா லின் என் முகத்தையே பார்த்தான்,
காதோரப் பஞ்சையும்.

நிமிர்த்தித்தான் கொடுத்தேன்.
படகில் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.
வியர்வை இறங்கி
வெட்டுப்பட்ட இடத்தில் எரிந்தது,
சாயங்காலம்வரை.