இரண்டு லிட்டர்

பதினோராம் நாள் ஜெனரேட்டர் வந்தது பண்ணைக்காட்டுக்கு.
செபமாலையின் ஜீப்பில், தார்ப்பாய்க்கு அடியில்,
வத்தலக்குண்டுக் கல்யாண மண்டபம் ஒன்று கொடுத்த இரவல்.
டீசல் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆளுக்குக் கால், ஆளுக்கு அரை,
டிராக்டரிலிருந்தும் மருந்தடிக்கிற மெஷினிலிருந்தும்
குழாய் போட்டு உறிஞ்சி
தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தார்கள்.
வாயில் டீசல் ருசியோடு, துப்பிக்கொண்டே, வரிசையில் நின்றார்கள்.
தேறியது இரண்டு லிட்டர்.

என் கடையின் தகரக் கூரை அப்போது
மாதா கோயில் சுவரில் சாய்ந்து கிடந்தது.
காற்றடித்த ராத்திரி
ஜெராக்ஸ் மெஷினுக்குத்தான் குடை பிடித்தேன்.
சிரிக்காதீர்கள்,
அதற்கு இன்னும் ஒன்பது தவணை பாக்கி.

நிவாரணத்துக்குக் கேட்டது:
ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம்,
சிட்டா, அடங்கல்,
விழுந்த மரத்தோடு உடையவர் நிற்கிற போட்டோ.
எல்லாவற்றிலும் இரண்டு நகல்.

காசியம்மாளின் பட்டா
நனைந்த அப்பளம்போல் மடிப்பில் ஒட்டியிருந்தது.
பிரித்தால் கிழியும், பிரிக்காவிட்டால் நகல் இல்லை.
இஸ்திரி வண்டி இருளப்பன் வாங்கிப் பார்த்தார்.
மேலே ஒரு வேட்டித் துணி, கீழே ஒரு வேட்டித் துணி,
கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி ஒற்றினார்.
'பட்டுப்புடவைக்கு வைக்கிற சூடுதான்' என்றார்.
சர்வே எண் மெல்ல எழுந்து வந்தது.
அதற்குப் பிறகு அன்றைக்கு
சட்டை தேய்க்க யாரும் வரவில்லை,
ஊர் முழுக்கப் பத்திரம் தேய்த்தார்.

நாலு மணிக்கு வெள்ளையன் வந்தான்.
கையில் தாளே இல்லை.
'அக்கா, எனக்கு எதை எடுக்கணும்?'

அவனுக்கு மரம் இல்லை, மரம் நிற்க இடமும் இல்லை.
கார்த்திகையிலிருந்து தைக் கடைசி வரைக்கும்
அடுத்தவர் செடியில் காபிப் பழம் பறிப்பான்.
சில்வர் ஓக் விழுந்து செடியை நசுக்கியது,
செடிக்காரருக்குப் படிவம் இருக்கிறது.

கையால் எழுதினேன்.
அனுப்புநர், பெறுநர், பொருள்.
சேதம் என்ற இடத்தில் பேனா நின்றது.
'எத்தனை என்று போடட்டும்?'
அவன் விரல் மடக்கி எண்ணினான்.
'தொண்ணூறு.'
'தொண்ணூறு என்ன?'
'நாள்.'

வி.ஏ.ஓ. தமயந்தி வாசித்துப் பார்த்தார்.
இதற்குப் படிவம் கிடையாதே என்றார்,
திட்டுகிற குரலில் இல்லை.
வரிசையில் யாரோ, தோட்டக்காரர்தான்,
'அப்ப ஒண்ணு போடுங்க' என்றார்.
அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஸ்கேல் கேட்டார்.
வெள்ளைத்தாளில் ஐந்து கோடு:
பெயர், தெரு, யார் தோட்டம், எத்தனை நாள், தோட்டக்காரர் கையெழுத்து.
நாலாவது கோடு கோணல்.

நாற்பது எடுக்கச் சொன்னார்.
இருபத்தாறாவதில் ஜெனரேட்டர் இருமி நின்றது.
செபமாலை ஒன்றும் சொல்லாமல் போய்
ஜீப்பில் குழாயை விட்டார்.
அன்றிரவு தாண்டிக்குடிக்கு நடந்துதான் போயிருப்பார்,
கேட்டதற்கு மழுப்பிவிட்டார்.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள்.
மரத்துக்கு மாசியில் வந்தது, பாதி.
நாளுக்கு இன்னும் வரவில்லை.
நாற்பது தாளும் கொடைக்கானலில்
ஏதோ ஒரு மேசையில் இருப்பதாகக் கேள்வி.
மாதம் ஒருமுறை இரண்டு பேர் போய் விசாரிக்கிறார்கள்,
பஸ் காசு தோட்டக்காரர்கள் முறைவைத்துக் கொடுக்கிறார்கள்,
ஒருவர் மட்டும் தரமாட்டேன் என்றார், பெயர் வேண்டாம்.

முகூர்த்தம் வந்தது, ஜெனரேட்டர் திரும்பிப் போனது.
அத்தனை பேருக்கும் எழுதியவள்
என் கூரைக்கு எழுதவில்லை,
கடைசித் தேதி போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரம்,
கோயில் சுவரிலிருந்து என் தகரம் நடந்து வந்தது.
அடியில் எட்டுக் கால்கள்.
முன்னால் வெள்ளையன்:
'ஆணி இருக்கா அக்கா?'
பழைய ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்தி நிமிர்த்திக் கொடுத்தேன்.

இப்போதும் ஓர் இடத்தில் ஒழுகுகிறது.
அங்கே வாளி வைத்திருக்கிறேன்.
மெஷினை இந்தப் பக்கம் நகர்த்தியாயிற்று.