வெற்று ஓட்டம்

மாதிரி எண் பதினேழு.
பழுப்புப் புட்டி, ஐம்பது மில்லி, மூடியைச் சுற்றி மெழுகு.
மாலகாவிலிருந்து வந்திருக்கிறது.
சீட்டில் ஓர் ஆலிவ் கிளை,
அதன் கீழே "முழுக்க முழுக்க மரத்திலிருந்து" என்றொரு சத்தியம்.
சத்தியங்களைச் சோதிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஓலெசுண்டில் டிசம்பர்.
மூன்றரைக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
துறைமுகத்தில் ஒரு படகு மட்டும்
விளக்கை அணைக்க மறந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

ஸ்குவாலீன்.
முப்பது கார்பன், ஐம்பது ஹைட்ரஜன்,
ஆறு இடங்களில் இரட்டைக் கை கோத்த சங்கிலி.
நிறமில்லை. மணம், உண்டென்று சொன்னால் உண்டு.
தண்ணீரோடு சேராது, மேலேறி உட்கார்ந்துகொள்ளும்.
அந்த ஒரு குணத்தை நம்பித்தான்
காற்றுப்பை இல்லாத ஆழ்கடல் சுறா
தன் ஈரலையே மிதவையாக்கிக்கொண்டது.
அந்த ஈரலுக்காகத்தான் அதை மேலே இழுத்தார்கள்,
முகத்தில் பூசிக்கொள்ள.

காற்றைக் கண்டால் அந்த ஆறு கைகளும் சும்மா இரா.
ஆக்சிஜனை இழுத்து வைத்துக்கொண்டு
மெல்ல மெல்லப் பாகாகும், பிறகு பிசின்.
போன கோடையில் ஹால்வார் மூடாமல் விட்டுப்போன குப்பியை
நான் தலைகீழாகக் கவிழ்த்தேன்.
விழலாமா வேண்டாமா என்று
மதிய உணவு முடியும்வரை யோசித்தது.

ஆகவே ஆர்கான்.
யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாத வாயு.
ஊசி வழியே இறக்குகிறேன், உள்ளிருந்த காற்று வெளியேறுகிறது.
புகைக்கூண்டின் கண்ணாடி முழங்கை மட்டத்தில்.
நீல நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் காப்பு.
வேலை முடிந்ததும் குளிர்பெட்டி, நான்கு டிகிரி, இருட்டு.
சிந்தினால் துடை,
துடைத்த துணியைக் கசக்கி மூலையில் குவிக்காதே,
தனக்குள்ளேயே சூடேறிக்கொள்ளும்;
மூடியுள்ள இரும்பு வாளி அதற்குத்தான்.
தொட்டியில் ஊற்றாதே.
கடலுக்கே திருப்பித் தருகிறேன் என்று
தத்துவம் பேசாதே, ஹால்வார்.

முதலில் வெற்று ஓட்டம்.
வெறும் ஹெக்சேன், ஒரு மைக்ரோலிட்டர்.
ஒன்றுமில்லை என்பதை உறுதி செய்துகொள்ள.
கோடு நேராக ஓடியது, ஓடியது,
இருபத்திரண்டாம் நிமிஷத்தில்
எழுந்து நின்றது ஒரு சிகரம்.

அறுபத்தொன்பது. எண்பத்தொன்று.
வலது கோடியில் மங்கலாய் நானூற்றுப் பத்து.
அதேதான்.
மாலகாப் புட்டியை நான் இன்னும் திறக்கவே இல்லை.

ஊசியை மாற்றினேன்.
ஹெக்சேனில் புதுப் புட்டி உடைத்தேன்.
குழாயைச் சுட்டுச் சுத்தம் செய்தேன், ஒரு மணி நேரம்.
பழைய சுறா எதுவோ
கருவிக்குள் எங்கோ தங்கியிருக்கிறதென்று
சத்தமாகவே திட்டினேன்.
சிகரம் அசையவில்லை.

ஏழு மணிக்கு நினைவு வந்தது.
மதியம் பள்ளியிலிருந்து தொலைபேசி:
சிந்த்ரே சறுக்கி விழுந்து முன்பல் உடைந்ததாம்.
கையுறையைக் கழற்றினேன்.
பேசி முடித்து நெற்றியைத் தேய்த்தேன்.
அதே விரல்களால்
அடுக்கிலிருந்த குப்பிகளைத் திரும்ப எடுத்தேன்.

நெற்றியில், மூக்கின் ஓரத்தில், காதின் பின்னால்
நாம் எல்லோரும் இதைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறோம்.
பாடப்புத்தகத்தில் படித்ததுதான்.
ஆனால் திரையில் என் கவலைக்கு இவ்வளவு உயரம் என்று
இன்றுதான் பார்த்தேன்.

புதுக் கையுறை. இடுக்கியால் எடுத்த புதுக் குப்பி.
கோடு கடைசிவரை படுத்தே கிடந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
"வெற்று ஓட்டம் ஒன்று முதல் நான்கு வரை செல்லாது.
மாசின் மூலம், பகுப்பாளர்."
கையொப்பம், ரன்வெய்க்.

பதினேழு சுறாவா ஆலிவா என்று எனக்குத் தெரியாது.
அதைச் சொல்லும் கருவி பெர்கனில் இருக்கிறது,
வெள்ளிக்கிழமைதான் பதில் வரும்.
புட்டிக்கு இன்னொரு மூச்சு ஆர்கான் கொடுத்து மூடினேன்.

கதவு கனமானது, தள்ளித்தான் திறக்க வேண்டும்.
உள்ளங்கை பட்ட இடத்தில்
மினுங்கிக்கொண்டு இருக்கும் இந்நேரம்,
சீட்டு ஒட்டாமல்.