வலப்பக்கம் சம்மனசு

கொளச்சல் துறைமுகத்துக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார் கிளீட்டஸ்.
"ரசல், என் படகுல என்னடே எழுதி வெச்சிருக்க?"

எழுதி நாலு வருஷம்.
நீலத்தில் வெள்ளை, ஓரமாய்க் கறுப்பு நிழல்,
எழுத்துக்கு ஒரு சாண் உயரம்.
அவர் சொன்னது கார்டியன் ஏஞ்சல்.
நிற்பது கார்டியன் ஆங்கிள்.
கடைசியில் வரவேண்டிய எல்
ஈயை முந்திக்கொண்டு ஏறிவிட்டது,
அமரத்துக்காரன் அணியத்தில் போய்
உட்கார்ந்துகொண்டதுபோல்.

மீன்துறை ஆபீசில்
புத்தகம் ஒன்று சொல்கிறது, பலகை ஒன்று சொல்கிறது.
உமக்கு ரெண்டு படகா என்று கேட்டு
டீசல் மானியத்தை நிறுத்திவிட்டார்கள்.

என் கைக்கு இது முதல் பிழையில்லை.
கருங்கலில் நோட்டு பேனா விற்கிற கடைக்கு
ஸ்டேஷனரி எழுதினேன்,
ஈ விழவேண்டிய இடத்தில் ஏ விழுந்தது.
நகராமல் நிற்பது என்று பொருளாம்.
ரோட்டை அகலமாக்கியபோது
இந்தப்பக்கம் இடித்தார்கள், அந்தப்பக்கம் இடித்தார்கள்.
அது நிற்கிறது.
மார்த்தாண்டம் பேக்கரியில்
டெசர்ட்டுக்கு ஓர் எஸ்ஸை மிச்சம் பிடித்தேன்.
இன்றும் அங்கே பாலைவனம் கிடைக்கும்,
கப் அறுபது ரூபாய்.

"ஆங்கிள்னா என்னவாக்கும்?"
"கோணம்."
"இஞ்சினியரிங் காலேஜ் இருக்கே, அந்தக் கோணமா?"
"அது ஊரு. இது மூலை, சாய்வு, அப்படி."
"காவல் சம்மனசு கேட்டவனுக்கு மூலையா தந்த?"
"ரெண்டு எழுத்து இடம் மாறினதுதானே அண்ணே."
"ஓஹோ. வலைய வளைன்னு எழுதுவியா நீ?
உள்ள நண்டுல்லா இருக்கும்!"

பதில் இல்லை.
உப்புத்தாளை நனைத்தேன்.
தேய்ப்பதற்கு முன் என்னவோ தோன்றி
பெயின்ட் ஒட்டிய கட்டைவிரலால்
போனில் அகராதியைத் திறந்தேன்.
மேலே கோணம்.
கீழே, ரொம்பக் கீழே, பொடி எழுத்தில்
தூண்டில் போட்டு மீன்பிடித்தல்.

சத்தமாய் வாசித்தேன்.
நங்கூரக் கயிறு சுருட்டிய கை நின்றது.
"இன்னொருக்கா படி."
படித்தேன்.
நாலு வருஷமாய் அவர் போனது கணவாய்க்கு,
தூண்டிலோடு.
படகை மேலும் கீழும் பார்த்தார்,
பிள்ளை தனக்குத் தெரியாமல்
ஏதோ பரீட்சை எழுதி ஜெயித்ததுபோல்.

"வலப்பக்கத்த மட்டும் மாத்து.
ஆபீசுக்காரன் போட்டோ எடுக்கது அந்தப் பக்கந்தான்."
"இடப்பக்கம்?"
"அது கெடக்கட்டு."

கூலி கேட்கவில்லை. தின்னர் காசு மட்டும்.
ஒரு பை கணவாய் தந்தார்,
மை கசிந்து சட்டை போயிற்று.

சாயங்காலம் படகு மேற்கே திரும்பியபோது
கரைக்குக் காட்டியது சம்மனசை.
மற்றதை
மீன்கள் வாசித்துக்கொள்ளட்டும்.